துணிக்கடை மேசையில் பிறந்த இதழ்: எஸ்குயரும் அதன் வழிவந்தவையும்

1933ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் சிகாகோவிலிருந்து எஸ்குயர் என்ற புதிய இதழ் வெளிவந்தபோது, அதன் ஒரு லட்சத்துச் சொச்சம் பிரதிகளில் ஐயாயிரம் மட்டுமே பத்திரிகைக் கடைகளுக்குப் போயின. மற்றவை அனைத்தும் அமெரிக்கா முழுவதும் இருந்த ஆண்கள் ஆடைக் கடைகளுக்கு அனுப்பப்பட்டன. நாட்டில் ஏறத்தாழ நான்கு பேரில் ஒருவர் வேலையின்றி இருந்த காலம் அது. புகழ்பெற்ற சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் வார இதழே 5 சென்ட்டுக்குக் கிடைத்துக்கொண்டிருக்க, இந்த இதழின் விலையோ 50 சென்ட். அப்படியிருந்தும் பத்திரிகைக் கடைகளுக்குப் போனவை உடனே தீர்ந்துவிட்டதால், துணிக்கடைகளில் கிடந்த பிரதிகளைத் திரும்பச் சேகரித்துப் பத்திரிகைக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதாயிற்று. காலாண்டிதழாகத் திட்டமிடப்பட்டது 1934 ஜனவரி முதல் மாத இதழாயிற்று.

ஆண்களுக்கான இதழ்களின் எழுச்சியையும் சரிவையும் பேசுவோர் பெரும்பாலும் இதழின் நடுப்பக்கத்தில் வரும் கவர்ச்சிப் படங்களிலிருந்து தொடங்கி, இணையம் வந்ததும் அவற்றின் கதை முடிந்தது என்ற இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கதை பொய்யன்று. ஆனால், ஒரே காரணத்தால் எல்லா இதழ்களும் வீழ்ந்திருக்க வேண்டுமே, சில ஏன் வீழவில்லை என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. அந்த விடை துணிக்கடையில் இருக்கிறது என்பது என் கருத்து. இவ்வகை இதழைத் தாங்கியவை மூன்று: செலவைக் கட்டிய ஆடை விளம்பரம், மதிப்பைத் தந்த எழுத்து, கடையில் நிற்பவரின் கையை இழுத்த படம். இவற்றுள் எது எதன் வேலையைச் செய்கிறது என்பதை மறந்த இதழ்களே பெரும்பாலும் மறைந்தன. எஸ்குயரின் வரலாற்றை நெருங்கிப் பார்த்தால் இது தெளிவாகிறது.

எஸ்குயருக்கு ஒரு மூத்த உடன்பிறப்பு உண்டு. டேவிட் ஸ்மார்ட் என்ற பதிப்பாளரும் ஆர்னால்ட் கிங்ரிச் என்ற இளம் ஆசிரியரும் 1931இல் அப்பாரல் ஆர்ட்ஸ் என்ற தொழில்முறை இதழைத் தொடங்கினார்கள். அது பொதுமக்களுக்கானதன்று, ஆடைக்கடை உரிமையாளர்களும் விற்பனையாளர்களும் தையற்காரர்களும் எந்தத் துணியை எதனோடு சேர்ப்பது, வரும் பருவத்தில் எந்த வெட்டு எடுபடும் என்று தெரிந்துகொள்வதற்காகப் பெரிய அளவில், வண்ணப் படங்களோடு அச்சிடப்பட்ட கையேடு அது. கடைக்காரர்கள் அதை மேசைமேல் விரித்து வாடிக்கையாளரிடம் காட்டினார்கள். வாடிக்கையாளர்களோ அந்த இதழையே கேட்கத் தொடங்கினார்கள். வாங்க வந்த ஆணுக்கு உடையைப் பற்றிப் படிப்பதில் கூச்சமில்லை, படிக்க ஏதும் கிடைக்காததுதான் குறை என்பதை ஸ்மார்ட் அங்கேதான் கண்டுகொண்டார். புதிய இதழுக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்த நாள்களில், கிங்ரிச்சின் பெயருக்குப் பின்னால் 'எஸ்குயர்' என்ற பழைய மரியாதைச் சொல்லைச் சுருக்கி எழுதிய ஒரு கடிதம் வந்தது என்றும், பெயர் அதிலிருந்தே எடுக்கப்பட்டது என்றும் சொல்லப்படுகிறது.

மங்கையர் மலர், அவள் விகடன் போன்ற பெயர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, 'ஆண்களுக்காக' என்று ஓர் இதழ் தனியே அறிவித்துக்கொள்வது ஏன் அவ்வளவு புதுமையாக இருந்தது என்பது எளிதில் புரியும். பொது இதழ் என்றாலே அது ஆணின் இதழ்தான் என்ற எண்ணம் எங்கும் உண்டு. ஆனால் அமெரிக்காவில் இதழ் விளம்பரங்களின் பெரும்பகுதி பெண்ணை நோக்கியே எழுதப்பட்டது. ஏனெனில் வீட்டுக்குப் பொருள் வாங்குபவள் அவள் என்று வணிகர்கள் கருதினார்கள். ஆணைச் சம்பாதிப்பவனாகப் பார்த்தார்கள், செலவழிப்பவனாகப் பார்க்கவில்லை. எஸ்குயர் விற்க முயன்றது அந்தச் செலவழிக்கும் ஆணைத்தான். சூட், தொப்பி, மது, கார், பயணம் ஆகியவற்றைத் தானே தெரிந்தெடுக்கும் ஓர் ஆணின் உருவத்தைக் காட்டி, அவன் இருக்கிறான் என்று விளம்பரதாரர்களை நம்பவைக்க வேண்டியிருந்தது. பொருளாதார மந்தநிலையின் நடுவே இப்படி ஒரு வாசகனைக் கற்பனை செய்தது பெருந்துணிவு.

ஆனால் உடையைப் பற்றி மட்டுமே பேசும் இதழைக் கையில் வைத்திருக்க அன்றைய ஆண் தயங்குவான் என்பதைக் கிங்ரிச் அறிந்திருந்தார். அதனால் ஆண்மைக்குச் சான்றாக எவரும் ஏற்கும் எழுத்தாளர் ஒருவர் தேவைப்பட்டார். எர்னஸ்ட் ஹெமிங்வே முதல் இதழிலேயே கியூபக் கடலில் மார்லின் மீன் பிடித்ததைப் பற்றி ஒரு கடிதம் எழுதினார். அவர் தமது பிலார் என்ற படகை வாங்க இதழே முன்பணம் கொடுத்து உதவியது. ஹெமிங்வே எழுதுகிறார் என்பதைக் காட்டியே கிங்ரிச் மற்ற எழுத்தாளர்களையும் அழைத்துவந்தார். டேஷியல் ஹாமெட், ஜான் டாஸ் பாசோஸ் போன்றோர் முதல் இதழிலேயே இடம்பெற்றார்கள். 1936இல் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் தம் மனம் உடைந்துபோனதை மறைக்காமல் எழுதிய கட்டுரைகளும், அதே ஆண்டு ஆகஸ்டில் கிளிமஞ்சாரோ மலையைப் பின்புலமாகக் கொண்ட ஹெமிங்வேயின் சிறுகதையும் எஸ்குயரில்தான் முதலில் வந்தன.

இங்கே ஒருவரைத் தனியே குறிப்பிட வேண்டும். முதல் இதழ் முதல் பல ஆண்டுகள் எஸ்குயரின் வண்ணக் கேலிச்சித்திரங்களை வரைந்தவர் ஈ. சிம்ஸ் கேம்பல் என்ற கறுப்பினக் கலைஞர். இதழின் அடையாளமாகிய, உருண்ட விழியும் பெரிய மீசையும் கொண்ட எஸ்கி என்ற உருவமும் அவர் கைவண்ணமே. இனப் பாகுபாடு சட்டமாகவே இருந்த அந்த நாட்டில், அவருடைய படங்களைப் பார்த்துச் சிரித்த வாசகர்களில் பெரும்பாலோர் அவர் யாரென்றே அறியவில்லை. கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் சிறுகதை ஒன்றை வெளியிடலாமா என்று கிங்ரிச் வாசகர்களிடமே கேட்டு, வந்த எதிர்ப்பையும் ஆதரவையும் பார்த்துவிட்டு, 1934 ஏப்ரலில் அதை வெளியிட்டார். இதழ் நடத்துவோர் தம் வாசகனைக் குறைத்து மதிப்பிடாமல் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்றை நான் அறியேன்.

மூன்றாவது தூண் படம். ஜார்ஜ் பெட்டி வரைந்த இளம்பெண் ஓவியங்களும், 1940 முதல் பெருவில் பிறந்த ஆல்பெர்ட்டோ வர்காஸ் வரைந்த ஓவியங்களும் எஸ்குயரை இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வீடுதோறும் கொண்டுசேர்த்தன. வர்காஸின் நாள்காட்டி பெரும் விற்பனை கண்டது. போர் விமானங்களின் முகப்பில் படைவீரர்கள் அந்த ஓவியங்களைப் பார்த்து வரைந்தார்கள். நாளடைவில் கடையில் இதழை எடுப்பவர்களில் பலர் சூட்டுக்காகவோ ஹெமிங்வேக்காகவோ எடுக்கவில்லை என்பது வெளிப்படையாயிற்று.

அரசுக்கும் அது தெரிந்தது. அமெரிக்காவில் இதழ்களின் உயிர்நாடி 1879ஆம் ஆண்டுச் சட்டம் தந்த இரண்டாம் வகுப்பு அஞ்சல் சலுகை. அது இருந்தால்தான் குறைந்த கட்டணத்தில் சந்தாதாரருக்கு இதழை அனுப்ப முடியும். பொதுச் செய்திகளைப் பரப்புவதற்காகவோ இலக்கியம், அறிவியல், கலை, ஏதேனும் ஒரு தொழில் ஆகியவற்றுக்காகவோ வெளிவரும் இதழ்களுக்கே அந்தச் சலுகை என்பது சட்டத்தின் நிபந்தனை. 1943இல் அஞ்சல் துறைத் தலைவர் ஃபிராங்க் வாக்கர் எஸ்குயரின் சலுகையை நீக்க நடவடிக்கை எடுத்தார். எச். எல். மென்கன் போன்ற எழுத்துலகப் பெரியவர்கள் இதழுக்காகச் சாட்சி சொன்னார்கள். விசாரித்த மூவர் குழுவில் இருவர் சலுகை தொடரலாம் என்றே பரிந்துரைத்தனர். வாக்கர் அதை ஏற்கவில்லை. 1943 டிசம்பர் 30ஆம் நாள் அவர் பிறப்பித்த ஆணையில், இதழ் சட்டத்தின் பொருளில் ஆபாசமானது என்று அவர் தீர்ப்புச் சொல்லவில்லை என்பது கவனிக்கத் தக்கது. பொதுநலனுக்குப் பங்களிக்க வேண்டிய கடமையை அது நிறைவேற்றவில்லை என்பதே அவர் வாதம். ஆணை நிலைத்திருந்தால் இதழுக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் டாலர் கூடுதல் செலவாகியிருக்கும். தடை செய்யாமலேயே ஓர் இதழைக் கொன்றுவிடக்கூடிய ஆயுதம் அது.

கீழ் நீதிமன்றம் அஞ்சல் துறையின் பக்கம் நின்றது. 1945இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 1946 பிப்ரவரி 4ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக எஸ்குயருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய நீதிபதி வில்லியம் டக்ளஸ், எது நல்ல இலக்கியம் என்பது ஆளுக்கு ஆளும் தலைமுறைக்குத் தலைமுறையும் மாறும் என்றும், அதை ஓர் அதிகாரி முடிவு செய்து அதற்கேற்பச் சலுகை வழங்குவதைச் சட்டமியற்றியவர்கள் எண்ணியிருக்க முடியாது என்றும் சொன்னார். பின்னாளில் வந்த எல்லா ஆண்கள் இதழ்களும், அவற்றில் பல எஸ்குயரை ஏளனமாகப் பார்த்தவை என்றாலும், இந்தத் தீர்ப்பின் நிழலில் நின்றே வளர்ந்தன. இந்த வழக்கு வெறும் வரலாற்றுச் செய்தியாகச் சுருங்கிவிட்டது எனக்கு மெய்யாகவே வருத்தம் தருகிறது. ஏனெனில் எழுத்து என்ற தூண் அந்த இதழுக்குச் சட்டத்தின் முன்னால் நிற்கும் இடத்தையே தந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறில்லை.

வழக்கில் வென்றபின் எஸ்குயர் மெல்லத் தடம் மாறியது. வர்காஸுடனான ஒப்பந்தம் கசந்து நீதிமன்றம்வரை போனது. ஸ்மார்ட் 1952இல் காலமானார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் அலுவலகம் சிகாகோவிலிருந்து நியூயார்க்குக்கு இடம்பெயர்ந்தபோது, விளம்பர வாசகங்கள் எழுதிக்கொண்டிருந்த ஹ்யூ ஹெஃப்னர் என்ற இளைஞர், உடன் வருவதற்கு வாரச் சம்பளத்தில் ஐந்து டாலர் கூட்டிக் கேட்டார். மறுக்கப்பட்டதால் சிகாகோவிலேயே தங்கிவிட்டார். தம் வீட்டு மேசை நாற்காலிகளை அடகுவைத்துப் பெற்ற 600 டாலர், தாயார் கொடுத்த 1,000 டாலர், நண்பர்களும் உறவினர்களும் போட்ட சிறு சிறு தொகைகள் என்று ஏறத்தாழ 8,000 டாலரைத் திரட்டி, 1953 டிசம்பரில் பிளேபாய் இதழைக் கொண்டுவந்தார். இரண்டாவது இதழ் வருமா என்பது உறுதியில்லாததால் முதல் இதழின் அட்டையில் தேதியே அச்சிடப்படவில்லை. அது ஐம்பதாயிரத்துக்கும் மேல் விற்றது. எஸ்குயர் கைவிட்டுக்கொண்டிருந்த மூன்றாவது தூணை ஹெஃப்னர் எடுத்துக்கொண்டார். ஓவியத்தின் இடத்தில் ஒளிப்படத்தை வைத்தார். எழுத்தையும் அவர் விடவில்லை: ரே பிராட்பரியின் ஃபாரன்ஹீட் 451 நாவல் 1954இல் அங்கே தொடராக வந்தது, 1965 ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங்கின் நெடிய நேர்காணலும் வந்தது. தான் பயின்ற பட்டறையின் பாடத்தை அவர் நன்றாகவே கற்றிருந்தார்.

எஸ்குயருக்கு வேறு வழி தேவைப்பட்டது. வெளிநாட்டில் சில காலம் இருந்துவிட்டு வெளியீட்டாளராகத் திரும்பிய கிங்ரிச், பெண் படங்களை ஒதுக்கிவிட்டு, இளம் ஆசிரியர்கள் சிலரைச் சேர்த்து ஒருவரோடொருவர் போட்டியிட விட்டார். அந்தப் போட்டியில் க்ளே ஃபெல்கர் வெளியேறினார், ஹரால்ட் ஹேய்ஸ் ஆசிரியரானார். 1973 வரை நீடித்த ஹேய்ஸின் காலம் அமெரிக்க இதழியலின் உச்சங்களில் ஒன்று என்று நான் உறுதியாக நம்புகிறேன். சளி பிடித்திருந்த பாடகர் ஃபிராங்க் சினாட்ரா பேட்டி தர மறுத்தபோது, அவரைச் சுற்றியிருந்தவர்களைக் கவனித்தே எழுத்தாளர் கே டலீஸ் 1966 ஏப்ரலில் அவரைப் பற்றி எழுதிய கட்டுரை இன்றும் இதழியல் மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில், ஒரு காலாட்படைப் பிரிவை அமெரிக்கப் பயிற்சி முகாமிலிருந்து வியட்நாம்வரை பின்தொடர்ந்து ஜான் சாக் எழுதிய நெடுங்கட்டுரை வந்தது. அந்த இதழின் அட்டையில் படமே இல்லை. கறுப்புப் பின்னணியில், ஒரு சிறுமியைச் சுட்டுவிட்டோமே என்று ஒரு வீரன் அலறிய சொற்கள் மட்டும் வெள்ளெழுத்தில் இருந்தன. அந்த அட்டைகளை வடிவமைத்த ஜார்ஜ் லோயிஸ், 1963 டிசம்பரில் கறுப்பினக் குத்துச்சண்டை வீரர் சன்னி லிஸ்டனுக்குக் கிறிஸ்துமஸ் தாத்தாவின் தொப்பியை அணிவித்திருந்தார். 1968 ஏப்ரலில் முகமது அலியை அம்புகள் தைத்த புனித செபஸ்தியாராக நிறுத்தினார்.

லிஸ்டன் அட்டைக்காக விளம்பரதாரர் சிலர் விலகினார்கள். ஆனாலும் இதழ் தாங்கியது. ஏனெனில் அந்தக் கட்டுரைகளுக்கு இடையே சூட்டும் காலணியும் விஸ்கியும் பக்கம் பக்கமாக விளம்பரம் செய்யப்பட்டுக்கொண்டிருந்தன. வியட்நாம் கட்டுரையைத் துணிந்து வெளியிட முடிந்ததற்குத் தையற்கடையும் ஒரு காரணம் என்று சொன்னால் சிலருக்கு அது மனவருத்தம் தரலாம். எனக்கோ அது அந்த இதழின் அமைப்பிலிருந்த மிக அழகான ஒழுங்காகத் தோன்றுகிறது.

எழுபதுகளில் அந்த ஒழுங்கு குலைந்தது. தொலைக்காட்சி விளம்பரப் பணத்தை இழுத்துக்கொண்டது, அஞ்சல் கட்டணங்கள் ஏறின. லுக் இதழ் 1971இலும், லைஃப் வார இதழ் 1972இலும் நின்றுபோயின. கிங்ரிச் 1976இல் மறைந்தார். மறு ஆண்டே, இதழின் பெயரைத் தாங்கிய எஸ்குயர் நிறுவனம் இதழை விற்றுவிட்டது. கல்விப் பொருள்களும் மின்விளக்குகளும் விற்கும் தொழில்களைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. வாங்கியவர், முன்பு போட்டியில் வெளியேறிய க்ளே ஃபெல்கர்; பிரிட்டனின் அசோசியேட்டட் நியூஸ்பேப்பர்ஸ் நிறுவனம் அவருக்குப் பணத்துணையாக இருந்தது. அவர் அதை மாதமிருமுறை இதழாக்கிப் பார்த்தார், நட்டம் பெருகியது. 1979இல் டென்னசி மாநிலத்தைச் சேர்ந்த ஃபிலிப் மோஃபிட், கிறிஸ் விட்டில் ஆகிய இருவரின் நிறுவனத்துக்கு அது கைமாறி, மீண்டும் மாத இதழாகி நிமிர்ந்தது. 1986இல் ஹெர்ஸ்ட் நிறுவனம் வாங்கியது. மூத்த உடன்பிறப்பான அப்பாரல் ஆர்ட்ஸ் இதற்குள் ஜென்டில்மென்ஸ் குவார்ட்டர்லி, அதாவது இன்றைய ஜிக்யூ, என்று பெயர் மாறியிருந்தது. அதுவும் அதே 1979இல் கான்டே நாஸ்ட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, எஸ்குயருக்கே கடும் போட்டியாயிற்று.

பிளேபாய் இதழ் 1972 நவம்பரில் 71,61,561 பிரதிகள் விற்றது. எஸ்குயர் கனவிலும் காணாத எண் அது. ஆனால் அந்த உயரத்தில் இருந்தவர்களில் பெரும்பாலோர் படத்துக்காக வந்தவர்கள்; அதைவிடத் துணிந்த படத்தைத் தருபவர் வந்தால் போய்விடக்கூடியவர்கள். 1969இல் பென்ட்ஹவுஸ் அமெரிக்காவுக்கு வந்தது, 1974இல் ஹஸ்லர் வந்தது. ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு படி இறங்கிச் சென்றது. ஒவ்வொரு படியிலும் சூட்டும் கைக்கடிகாரமும் விற்பவர்கள் விலக வேண்டியிருந்தது. 1986இல் ஆபாசம் குறித்து அரசு அமைத்த மீஸ் ஆணையத்தின் அழுத்தம் கடைத்தெருவை எட்டியபோது, செவன் இலெவன் கடைகள் பிளேபாயையும் பென்ட்ஹவுஸையும் விற்பதை நிறுத்தின. வீடியோ நாடாவும் பின்பு இணையமும் படத்தை இலவசமாக்கியபோது, படத்தின்மேல் மட்டும் நின்றவற்றுக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. பென்ட்ஹவுஸின் தாய் நிறுவனம் 2003இல் திவாலானது.

பிரிட்டனில் இதே பாதையை ஓர் இதழ் இன்னும் விரைவாகக் கடந்தது. எஃப்எச்எம் என்று உலகறிந்த அந்த இதழ், 1985இல் 'ஃபார் ஹிம்' என்ற பெயரில், ஆண்கள் ஆடைக் கடைகள் வழியே விநியோகிக்கப்பட்ட உடை இதழாகத்தான் பிறந்தது. எஸ்குயரைப் போலவே துணிக்கடை மேசையில்! 1994இல் லோடட் என்ற இதழ் பீர், கால்பந்து, நடிகைகள் என்ற கலவையோடு வந்து பெருவெற்றி பெற்றது. அதே ஆண்டு ஈமேப் நிறுவனம் 'ஃபார் ஹிம்' இதழை வாங்கிப் பெயரை மாற்றி, அதே கலவைக்குத் திருப்பியது. தொண்ணூறுகளின் இறுதியில் எஃப்எச்எம் மாதத்துக்கு ஏழு லட்சத்துக்கும் மேல் விற்றது. 2004இல் நட்ஸ், ஸூ என்ற வார இதழ்கள் இன்னும் மலிவாக, இன்னும் வெளிப்படையாக வந்து அடிவயிற்றில் கைவைத்தன. 2013இல் கோ ஆப் கடைகள் அட்டையை மறைக்கும் உறை கேட்டன. ஒப்புக்கொள்ளாத இதழ்களை அடுக்கிலிருந்து எடுத்துவிட்டன. நட்ஸ் 2014இல் மூடப்பட்டது, லோடட் 2015இல் அச்சை நிறுத்தியது, எஃப்எச்எம்மும் ஸூவும் அதற்கடுத்த குளிர்காலத்தைத் தாண்டவில்லை. பிறந்த இடத்தின் நினைவு எஃப்எச்எம்முக்குச் சிறிதேனும் மிஞ்சியிருந்தால் வேறு முடிவு கிடைத்திருக்கும் என்பது என் கணிப்பு. ஏனெனில் அதே பிரிட்டனில், அதே ஆண்டுகளில், உடையை விடாத ஜிக்யூ தொடர்ந்து வெளிவந்தது.

2015 அக்டோபரில் பிளேபாய் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 1975இல் 56 லட்சமாக இருந்த அதன் விற்பனை எட்டு லட்சமாகச் சுருங்கியிருந்த நேரம் அது. இணையத்தில் எதுவும் ஒரு சொடுக்கில் கிடைக்கும் காலத்தில் நிர்வாணப் படம் பொருளற்றுவிட்டது, ஆகவே 2016 மார்ச் முதல் அது இதழில் இராது என்றார்கள். ஐந்து டாலருக்காக ஹெஃப்னர் விட்டுவந்த இதழ் அறுபது ஆண்டுகளுக்கு முன்பு எடுத்த முடிவுதான் அது. ஆனால் படத்தை நீக்கிய இடத்தில் வைக்க, தலைமுறை தலைமுறையாக உடன் நின்ற ஆடை விளம்பரதாரர்கள் பிளேபாயிடம் அந்த அளவுக்கு இல்லை. 2017 பிப்ரவரியில் முடிவை மாற்றிக்கொண்டார்கள். அந்தச் செப்டம்பரில் ஹெஃப்னர் காலமானார். 2020 வசந்த கால இதழோடு அமெரிக்கப் பதிப்பின் தொடர் அச்சு வெளியீடு நின்றது. அதைவிட இருபது ஆண்டு மூத்த எஸ்குயர், ஆண்டுக்கு வரும் இதழ்களின் எண்ணிக்கை குறைந்தபோதும், சூட்டும் காலணியும் கைக்கடிகாரமும் நிறைந்த விளம்பரப் பக்கங்களோடு அதன் பிறகும் அச்சில் வெளிவந்துகொண்டிருந்தது.